கவிழ்த்து வைத்த வாளி

நாளைக் காலையில் பன்றி அறுப்பு. அதனால் இன்று காலைத் தீனியோடு நிறுத்திவிட்டு, வாளியைக் கழுவிப் பன்றிக்கூட்டு வாசலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பழைய அலுமினிய வாளி. ஒரு பக்கம் நசுங்கி, அடியில் இரண்டு இடத்தில் பற்றவைத்து அடைத்தது. கைப்பிடிக் கம்பி மாற்றி மாற்றி இப்போது இருப்பது நாலாவது கம்பி. தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் பத்து வீடு ஒட்டி ஒரே வரிசையாக நிற்கும் லயத்தில் இருந்தபோது வந்த வழக்கம் இது. பின்பக்கம் போகிற பெண்கள் கையில் மரவள்ளிக் கப்பைத் தோலோ மிச்சச் சோறோ எது இருந்தாலும், அது யார் வீட்டுப் பன்றி என்று பார்க்காமல் கூட்டுக்குள் வீசிவிட்டுப் போவார்கள். அறுக்கப் போகிற பன்றியின் குடல் காலியாக இருக்க வேண்டும். வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? வாளி கவிழ்ந்து கிடந்தால் யாரும் எதுவும் போடக் கூடாது என்று அர்த்தம். சின்னப் பிள்ளைகளுக்குக் கூட அது தெரியும்.

இந்த வாளி என்னுடையதில்லை. என் ஓரகத்தியுடையது, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவியுடையது. நான் மறையூரிலிருந்து கல்யாணமாகிச் சின்னக்கானல் பக்கத்து எஸ்டேட்டுக்கு வந்தபோது, அவள் அந்த வீட்டுக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள். கொழுந்து எடை போடும்போது எங்கள் பீல்டில் அவள் கூடைதான் எப்போதும் கனம். ஆனால் அதற்காக அவள் ஓடி ஓடிப் பறித்து யாரும் பார்த்ததில்லை. சத்தம் போடாமல் பேசுவாள். அவள் பேசினால் மாமியார்கூடக் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். நான் பேசினால் மாமியாருக்கு அப்போதுதான் பாத்திரம் தேய்க்கிற ஞாபகம் வரும். நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். மனதுக்குள் அவளுக்கு வேறு பெயர்கள் வைத்திருந்தேன். அவற்றை இங்கே எழுத முடியாது.

மாமியாருக்கு வயதாகி மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. லயத்துக்குப் பின்னால், ஓடைப் பக்கம், பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய பன்றிக்கூடு ஒன்று அவள் கையில் இருந்தது. நாற்றம் அடிக்கிறது என்று எஸ்டேட்டில் கண்டித்து, ஒரு குடும்பத்துக்கு ஒரு கூடுதான் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கூட்டை இரண்டு மருமகள்களில் ஒருத்தியிடம் ஒப்படைக்க வேண்டும். பன்றிக்கூடுதானே, அதற்கு என்ன போட்டி என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். லயத்து வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். சம்பளம் புருஷன் கைக்குப் போகும். கூடு ஒன்றுதான் ஒரு பெண்ணுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்த இடம். தீபாவளிக்கு லயத்துப் பெண்கள் பாத்திரத்தோடு கூட்டுக்காரி வாசலில்தான் வந்து நிற்பார்கள். யாருக்குத் தொடை, யாருக்கு விலா, யாருக்கு ஈரலில் ஒரு துண்டு என்று அவள் கைதான் எடுத்துக் கொடுக்கும். எனக்கு அந்த வாசல் வேண்டும் என்று இருந்தது. வந்த முதல் வருஷமே வேண்டும் என்று இருந்தது.

மாமியார் ஒரு ஏற்பாடு செய்தாள். ராஜாக்காட்டில் ஒரு மலையாளிச் சேட்டன் வீட்டிலிருந்து ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டு வாங்கி வந்து, கூட்டை நடுவில் பலகை வைத்துத் தடுத்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். "தீபாவளிக்கு யாரு பன்னி நல்லா நிக்குதோ, அதத்தான் அறுப்போம். கூடும் அவளுக்குத்தான். பெறவு என்கிட்ட வந்து மூஞ்சியத் தூக்கப்பிடாது" என்றாள். அக்கா சிரித்தாள். அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

குட்டிகள் இரண்டும் ஒரே எடையில்தான் வந்தன. இரண்டு மாதத்தில் அவளுடையது முதுகு அகன்று நின்றது. என்னுடையது வயிறு மட்டும் தொங்கி, காது பெரிதாகி, பார்க்கிறவர்களைக் குற்றம் சொல்கிற மாதிரி நின்றது. நான் சேம்பு இலையைப் பச்சையாக அரிந்து போட்டேன். "ஏளா, சேம்ப வேகவச்சுப் போடு. பச்சையாப் போட்டா தொண்டை அரிக்கும், திங்காது" என்று அக்கா சொன்னாள். அவள் சொன்னாள் என்பதற்காகவே நான் இன்னும் ஒரு மாதம் பச்சையாகவே போட்டேன். என் பன்றி அரித்த தொண்டையோடு மூக்கைத் தகரத்தில் தேய்த்துக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கம் அவளுடையது வெந்த சேம்பும் தவிடும் கப்பையும் சளப்சளப்பென்று தின்னும். அந்தச் சத்தம் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலும் எனக்குக் கேட்கும். சில நாள் கேட்காதபோதும் கேட்கும்.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறொன்று. சாயங்காலம் கொழுந்து எடை போட்டுவிட்டு வந்து, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் இந்த வாளியோடு அவள் ஓடைப் பக்கம் இறங்குவாள். பாதி வழியிலேயே "ந்தா... ந்தா..." என்று குரல் கொடுப்பாள். பன்றி எழுந்து பலகையில் முன்கால்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நிற்கும். அவள் காதுக்குப் பின்னால் சொறிந்தால் அப்படியே பொத்தென்று சாய்ந்து படுத்துவிடும். அவளுடைய பன்றி அப்படிச் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். என் பன்றியும் அவள் குரல் கேட்டு எழுந்து, தடுப்புப் பலகை இடுக்கில் மூக்கை நுழைத்துக்கொண்டு அழும். நான் தீனி போட்டு வளர்க்கிற பன்றி. நான் கூப்பிட்டால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். அவள் அந்த இடுக்கில் விரலை விட்டு அதன் மூக்கைத் தடவுவாள். எனக்கு அடிவயிற்றிலிருந்து எரியும். என் புருஷன் ஒருநாள் அதைப் பார்த்து, "மதினி கையில ஏதோ இருக்கு" என்று வியந்து சொன்னார். அன்றைக்கு அவருக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னேன்.

ஐப்பசி பிறந்தது. எந்தப் பன்றி நன்றாக நிற்கிறது என்று மாமியார் வந்து பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் அறுப்பு என்று முடிவானது. அதற்கும் முந்தின நாள் காலையில் அக்கா தன் பன்றிக்குக் கடைசியாக ஊற்றிவிட்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். கவிழ்த்துவிட்டு அதன் காதுப் பக்கம் கொஞ்ச நேரம் சொறிந்துகொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உன்னுது தைப்பொங்கலுக்கு நல்லா வந்துரும், பாரு" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். தோற்றவளுக்கு ஜெயித்தவள் சொல்கிற ஆறுதலைக் கேட்டு நிற்பதைவிடக் கேவலம் வேறு இல்லை என்று எனக்குப் பட்டது.

அந்த வாரம்தான் என் அப்பா மறையூரிலிருந்து வந்து போயிருந்தார். அங்கே கரும்புக் காட்டில் வேலை. வரப்பில் போட்ட மொச்சை முற்றிக் காய்ந்ததைப் பாதிச் சாக்கு கட்டி, வெல்ல உருண்டைகளோடு மூணாறு பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து, "ஓரகத்திக்கும் பாதி குடு தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கொடுக்கவில்லை. சாக்கு வந்ததையே அவளிடம் சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மேலே போர்வை மூட்டையைப் போட்டு மறைத்து வைத்திருந்தேன். அவள் வீட்டில் எல்லாமே நன்றாக நடக்கிறது, இந்த மொச்சையாவது என் வீட்டில் மட்டும் வேகட்டும் என்று ஒரு எண்ணம்.

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை. மதியம் அந்த மொச்சையில் இரண்டு படி எடுத்துச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டேன். எனக்கு என்ன செய்கிறோம் என்று தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்துதான் செய்தேன். ஊறிய மொச்சையோடு கப்பையைக் குழைத்து, வெல்லத்தைத் தட்டிப் போட்டுப் பிசைந்தேன். நாலு மணிக்கு லயமே பீல்டில் இருந்தது. கூட்டுக்குப் போனேன். கவிழ்ந்திருந்த வாளியை நிமிர்த்தி, அதில் கொட்டி, அவள் பன்றிக்கு முன்னால் வைத்தேன். காலையிலிருந்து பசியில் கத்திக்கொண்டிருந்த பன்றி வாளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதற்கு என் கை, அவள் கை என்ற பேதமெல்லாம் அன்றைக்கு இல்லை. தின்று முடித்ததும் வாளியைக் கழுவி, இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே கவிழ்த்து வைத்தேன். என் பன்றி இடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு வாய்கூடப் போடவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

நான் போட்ட கணக்கு இதுதான். குடல் முட்ட முட்ட இருந்தால் வயிற்றைக் கீறும்போது கிழியும். கறியில் சாணி விழும். லயத்துப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போவார்கள். வாளியைக் கவிழ்த்த பிறகும் தீனி போட்டவள் என்று அக்காவுக்குக் கெட்ட பெயர் வரும். எல்லாம் சரியாக யோசித்திருந்தேன். வயிற்றைக் கீறப் போகிறவர் யார் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அந்த லயத்திலும் பக்கத்து இரண்டு லயங்களிலும் பன்றி என்றால் என் புருஷனைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கீறினால் ஒரு சொட்டு வெளியே வராது என்று பெயர். பொறாமை எனக்கு அவள் முகத்தை மட்டும்தான் காட்டியது. என் வீட்டுக்காரர் முகத்தைக் காட்டவில்லை.

மறுநாள் விடிகாலையில் தூறல். அக்கா புருஷன் அத்தானும் இன்னும் இரண்டு பேரும் பன்றியைப் பிடித்து அடித்துச் சாய்த்தார்கள். பெண்கள் அந்த நேரத்தில் அங்கே நிற்க மாட்டோம். அக்கா வீட்டுக்குள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, காது கேட்காத மாதிரி விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு சாக்கைப் போட்டுக் கொதிதண்ணீர் ஊற்றி, முடியை வழித்து வெள்ளையாக்கிப் பின்னங்கால்களைக் கட்டிக் கட்டையில் தூக்கினார்கள். பெண்கள் பாத்திரங்களோடு வந்து சேர்ந்தார்கள். என் புருஷன் கத்தியை எடுத்தார். மேலே சின்னதாக ஒரு கீறல் போட்டு, இடது கையின் இரண்டு விரலை உள்ளே விட்டுக் குடலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, விரல்களுக்கு நடுவே கத்தியைக் கீழே இறக்குவது அவர் பழக்கம். அன்றைக்கு விரல் போக இடமில்லை. அவர் ஒரு கணம் நின்றதை நான் மட்டும்தான் கவனித்தேன். "என்னல இப்படி முட்டிக்கிட்டு நிக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கத்தியை நகர்த்தினார். பொக்கென்று ஒரு சத்தம். பச்சையும் பழுப்புமாக எல்லாம் வெளியே வந்து, விலாவிலும் தொடையிலும் வழிந்து, அவர் முழங்கை வரைக்கும் இறங்கியது.

முதலில் ஒருத்தி முந்தானையால் மூக்கை மூடினாள். அதற்குப் பிறகு எல்லோரும் மூடினார்கள். என் புருஷன் கையில் கத்தியோடு அப்படியே நின்றார். பத்து வருஷமாகக் கீறுகிற கை. "கை தவறிட்டு" என்று அவர் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "குடிச்சிருக்கானா?" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அவர் வாழ்க்கையில் குடித்ததே இல்லை. அப்போது அக்கா வந்தாள். கீழே வைத்திருந்த தாம்பாளத்தில் விழுந்து கிடந்ததைக் குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். முழுசு முழுசாக, ஊறிப் பெருத்த மொச்சை. அந்த லயத்தில் வேறு யார் வீட்டிலும் அந்த வருஷம் மொச்சை இல்லை. என் அப்பா வந்து போனதும் அவளுக்குத் தெரியும். அவள் நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என் புருஷன் பக்கம் திரும்பிச் சத்தமாக, அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை, "தம்பி மேல தப்பில்ல. நாந்தான் நேத்துச் சாயங்காலம் மனசு கேக்காம ஊத்திப்புட்டேன். கத்திக்கிட்டே கெடந்துச்சு, பாவமா இருந்துச்சு" என்றாள். சொல்லிக்கொண்டே ஒரு வாளித் தண்ணீரைத் தாம்பாளத்தில் ஊற்றி, எல்லாவற்றையும் வாய்க்காலில் தள்ளிவிட்டாள்.

மாமியார் பொரிந்து தள்ளினாள். "வாளியக் கவுத்தவளே ஊத்துவாளா? பன்னி வளக்குத லட்சணமா இது?" என்று லயம் பூராவும் கேட்கிற மாதிரி கத்தினாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். முன்பக்கத்துக் கறியைச் சுடுதண்ணீரில் அலசி எடுத்தோம். மூன்று பேர் வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள், "அடுத்த தடவை பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் காலிப் பாத்திரத்தோடு திரும்பினார்கள். நான் ஆசைப்பட்டது எல்லாமே, ஒன்று விடாமல், அப்படியே நடந்தது.

குடல் கழுவுவது எங்கள் இருவர் வேலை. ஓடையில் எதிரெதிரே உட்கார்ந்து, கிழியாத பகுதியைத் திருப்பிப் போட்டு, கல் உப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் ஐஸாக இருந்தது. அவள் கேட்கட்டும், திட்டட்டும், ஒரு அறை விடட்டும் என்று காத்திருந்தேன். விரலிடுக்கில் அகப்பட்ட ஒரு மொச்சையை எடுத்து, தண்ணீரில் அலம்பி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "மறையூர்ல இந்த வருசம் மொச்சை நல்லா வெளஞ்சிருக்கு போல" என்றாள். அதைத் தண்ணீரில் விட்டுவிட்டு மறுபடியும் உப்பை எடுத்தாள். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவளால் எப்படி இது முடிகிறது என்றுதான் அந்த நேரத்திலும் எரிந்தது.

தீபாவளி கழிந்ததும் மாமியார் கூட்டை எனக்கே கொடுத்தாள். அக்கா இந்த வாளியைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்து, "இது கூட்டு வாளி. கூட்டோடதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் புருஷன் ஒரு வருஷம் கத்தியைத் தொடவில்லை. "மதினி அப்படிச் செய்யுற ஆளா? எனக்கு நம்பிக்கையே வரல" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். "அவுகளும் மனுசிதான?" என்று சொல்லி இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். கூடு என் கைக்கு வந்தது. பன்றி வரவில்லை. பீல்டிலிருந்து திரும்புகையில் அவள் யாரிடமாவது பேசிக்கொண்டே வரும் குரல் மேலே கேட்டால் போதும், என் பன்றி எழுந்து பலகையில் காலைப் போட்டுக்கொண்டு நிற்கும். அவள் ஒருநாளும் ஓடைப் பக்கம் இறங்கி வரவில்லை. தைப்பொங்கலுக்கு வேறு ஆளை வைத்து அதை அறுக்கும்வரை அது தினமும் எழுந்து நின்றது. தினமும் நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு சேம்பை வேகவைத்துப் போட்டேன். பாதி வழியிலேயே குரல் கொடுத்தேன். காதுக்குப் பின்னால் சொறிந்தேன். எல்லாம் அவள் செய்தது. இப்போது என் மகன் ரோட்டோரம் இரண்டு அறை கட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டிருக்கிறான். கொச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வருகிறவர்கள் கப்பையும் பன்றி வறுவலும் தின்றுவிட்டு, "வீட்ல வளத்ததா? உங்க கைப்பக்குவமா?" என்று கேட்டுப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஆமாம் என்றுதான் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம், அவள் இங்கே இல்லாதது நல்லது என்று ஒரு சின்ன நிம்மதி வருகிறது. இந்த வயதிலும் வருகிறது. அக்கா ஓய்வு பெற்று, போடியில் மூத்த மகள் வீட்டோடு போய்விட்டாள். அத்தானும் மாமியாரும் இல்லை. வாளியை நிமிர்த்தியது யார் என்று தெரிந்தவர்கள் அன்றைக்கும் இன்றைக்கும் நாங்கள் இருவர்தான்.

இன்று மதியம் அவளிடமிருந்து போன் வந்தது. மூட்டு வலி, பேத்தி பள்ளிக்கூடம், போடி வெயில் எல்லாம் பேசி முடித்தோம். நாளைக்கு அறுப்பு என்று சொன்னேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை சொல்ல நினைத்து விழுங்கியது அப்போதும் தொண்டை வரைக்கும் வந்தது. அக்கா, அன்னைக்கு... என்று ஆரம்பிப்பதற்குள் அவள் கேட்டாள்.

"வாளியக் கவுத்திட்டியா?"

"கவுத்திட்டேன்க்கா."

"மேல ஒரு கல்லையும் தூக்கி வையி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நன்றாக, மூச்சு வாங்கும்வரை சிரித்தாள். நான் இத்தனை வருஷம் சுமந்ததை வைத்து அவளுக்குச் சிரிக்க முடிகிறது. அந்தச் சிரிப்பில் ஒரு துளி விஷமாவது இருக்கிறதா என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தேடினேன். இல்லை. எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

போனை வைத்துவிட்டுக் கூட்டுப் பக்கம் போனேன். பன்றி பசியில் பலகையை முட்டிக்கொண்டு கத்தியது. வாளி கவிழ்ந்து கிடந்தது. ஓரத்தில் கிடந்த அம்மிக்கல்லைச் சிரமப்பட்டுத் தூக்கி அதன் மேல் வைத்தேன். வாளியின் நசுங்கிய பக்கம் இன்னும் கொஞ்சம் நசுங்கியது.